வாய்க்கால் பார்க்கப் போனவர்

மகள் டிக்கெட் எடுத்த பிறகுதான் எங்களிடம் சொன்னாள். முன்கூட்டிக் கேட்டால் அவள் அப்பா ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். ஜப்பானில் ஃபுகுவோகா என்ற ஊரில் மென்பொருள் வேலைக்குப் போய்ச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. போன் பேசும்போதெல்லாம் "வாங்க, வாங்க" என்பாள். இவரும் "பாப்போம், பாப்போம்" என்பார். போன ஐப்பசியில்தான் அந்தப் பேச்சு ஒரு முடிவுக்கு வந்தது.

என் கணவர் பொதுப்பணித்துறையில் இருந்தவர். பாபநாசத்துக்குக் கீழே தாமிரபரணியில் பிரிகிற கால்வாய்களிலேயே அவருடைய உத்தியோகம் முழுக்கக் கழிந்தது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. காலையில் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஓடுகிற பாளையங்கால்வாய் ஓரமாக நடந்துவிட்டு வந்து, அங்கே ஆகாயத்தாமரை என்கிற அமலைச்செடி மண்டிக் கிடப்பதைப் பற்றிக் காபி ஆறும்வரை என்னிடம் புலம்புவார். நான் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். யார் புலம்பினாலும் கேட்டுக்கொண்டே வேறு வேலை பார்க்கத் தெரியும் எனக்கு.

எனக்கு இருந்த பயமெல்லாம் சாப்பாட்டைப் பற்றித்தான். எங்கள் இரண்டு வீட்டிலும் முட்டைகூடத் தொடாதவர்கள். எதிர்வீட்டு அக்கா வேறு வந்து உட்கார்ந்து, "அங்கன தண்ணியக் கொதிக்க வச்சாக்கூட ஒரு துண்டு மீனப் போட்டுத்தான் கொதிக்க வைப்பாவளாம். பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், அப்பளம், நார்த்தங்காய் ஊறுகாய் என்று ஒரு பெட்டி முழுக்க அடுக்கினேன். துணிமணிக்கு இன்னொரு பெட்டியில் பாதி இடம்தான் கிடைத்தது.

ஃபுகுவோகாவில் மகள் வீட்டில் இருந்த நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நான் சமைத்தேன், சாப்பிட்டோம். அவள் வேலைக்குப் போய்விட்டால் இவர் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். "என்னடா இது, ஒரு சத்தமும் இல்ல" என்பார். மகள் அதைக் கவனித்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு, ஓய்த்தா என்கிற பக்கத்து மாவட்டத்து மலைக்கு எங்களைக் கூட்டிப் போனாள். "அங்க ஒரு விவசாயி வீட்டுல தங்கப் போறோம். வெந்நீர் ஊத்து இருக்கு, காளான் இருக்கு, வயல் இருக்கு. அப்பாவுக்குப் பிடிக்கும்" என்றாள்.

அவருக்குப் பிடித்துத்தான் போயிற்று. ரயிலை விட்டு இறங்கி ஒரு சின்ன பஸ்ஸில் மலை ஏறினோம். இரண்டு பக்கமும் படிப்படியாக வயல். அறுத்த கதிரைக் கட்டுக்கட்டாகக் கழிகளில் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார்கள். ரோட்டோரம் ஒரு வாய்க்கால் கூடவே வந்தது. கல் கட்டிய கரை, முழங்கால் ஆழம், அடியில் கிடக்கிற கூழாங்கல் தெரிகிற தண்ணீர். இவர் பஸ்ஸின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாறி மாறி உட்கார்ந்தார். "மலை மேல போற ரோட்டுல தண்ணி நம்மகூடவே எப்படி வருது? எங்கிருந்து எடுக்கான்னு தெரியலையே" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

அந்த வீட்டுக்காரம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். தனியாக இருந்து வீட்டையும் வயலையும் பார்த்துக்கொண்டு, இரண்டு அறைகளை வருகிறவர்களுக்கு விடுகிறார். குள்ளமான, வேகமாக நடக்கிற பெண். அறையில் காலை வைத்ததுமே எனக்குப் பத்தமடைப் பாய் வாசம் அடித்தது. தரை முழுக்கக் கோரை போல ஏதோ ஒரு புல்லால் முடைந்த தடித்த பாய். கொஞ்சம் ஆசுவாசமாக இருந்தது. அன்று ராத்திரிச் சாப்பாடு வந்தபோது இன்னும் ஆசுவாசம். மகள் முன்பே சொல்லியிருந்தாள் போல; மீனே சேர்க்காமல், உலர்ந்த காளானையும் ஒருவகைக் கடல்பாசியையும் ஊற வைத்த தண்ணீரில்தான் எல்லாம் செய்திருந்தார். கோதுமை மாவைப் பட்டையாக இழுத்துப் போட்டு, பூசணியும் சேம்பும் சேர்த்து ஒரு குழம்பு. கூடவே ஒரு சின்னக் கிண்ணத்தில் பச்சையாக ஒரு விழுது. பச்சை மிளகாயும் எலுமிச்சை மாதிரி ஒரு பழத்தின் தோலும் உப்பும் சேர்த்து அரைத்ததாம். இவர் கொஞ்சம் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "உறைக்குது" என்றார். வீட்டுக்காரம்மா கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். நான் கொண்டுபோன பொடிகளைப் பெட்டியை விட்டே எடுக்கவில்லை.

குளியல் விஷயத்தில்தான் நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஊருக்குப் பொதுவாக ஒரு வெந்நீர்க் குளியலறை, பக்கத்திலேயே. பெண்களுக்குத் தனி, ஆண்களுக்குத் தனி. ஆனால் உள்ளே ஒரு துணிகூட உடுத்தக் கூடாதாம். "ஆத்துல ஊரே பாக்கப் பாவாடையக் கட்டிட்டுக் குளிச்சவதான் நான். ஆனா இது நமக்கு ஆவாது" என்று சொல்லி வாளியில் வெந்நீர் வாங்கி வீட்டிலேயே குளித்தேன். இவரும் அதையேதான் செய்தார். சாயங்காலம் ஊர்க் கம்பங்களில் கட்டியிருந்த ஒலிபெருக்கியில் ஒரு மெல்லிய இசை வந்தது. தினமும் இந்த நேரத்துக்கு வரும், பிள்ளைகள் வீடு திரும்புவதற்காக, என்று மகள் சொன்னாள். நிலநடுக்கம், வெள்ளம் என்றாலும் அதில்தான் சொல்வார்களாம்.

மறுநாள் காலை அவர் என் தோளைத் தொட்டு எழுப்பியது ஞாபகம் இருக்கிறது. "அந்தத் தண்ணி எங்க இருந்து வருதுன்னு பாத்துட்டு வாரேன்" என்றார். நான் "உம்" என்றேன். அவ்வளவுதான். மறுபடி நான் கண் விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை. மலை, வயல், ரோடு எதுவும் தெரியவில்லை. பஞ்சை அடைத்தது போல மூட்டம்.

வந்துவிடுவார் என்றுதான் முதலில் இருந்தோம். காலைச் சாப்பாடாக அதே கோதுமைக் குழம்பு வந்தது, ஆறியது. மகள் அவருடைய செல்லுக்கு அடித்தாள். தலையணைக்குப் பக்கத்தில் சார்ஜரில் கிடந்து அது அடித்தது. அதன் பக்கத்தில் சர்க்கரை மாத்திரை அட்டை. காலை மாத்திரையைப் போட்டிருக்கிறார். ஆனால் ஒன்றும் சாப்பிடவில்லை.

"ஏட்டி, மாத்திரையப் போட்டுட்டு வெறும் வயித்தோட போயிருக்காவ" என்றேன் மகளிடம். சர்க்கரை இறங்கினால் எங்கேயாவது மயங்கி விழுந்துவிடுவார்.

மகள் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓடிப் போய்க் கூப்பிட்டுவிட்டு வந்தாள். பத்தடிக்கு அப்பால் அவளையே எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்காரம்மாவிடம் அவள் விஷயத்தைச் சொன்னாள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கப் போனார் என்பதைச் சொன்னதும் அந்த அம்மாள் முகம் மாறியது. வாய்க்கால் காட்டுக்குள் போகிறது, அங்கே பாதை பல பக்கம் பிரியும், பள்ளம் உண்டு, இந்த மாதத்தில் காட்டுப்பன்றியும் வரும் என்று சொன்னாராம். பன்றியைப் பற்றி மகள் அப்போது எனக்குச் சொல்லவில்லை. பிறகுதான் சொன்னாள்.

வீட்டுக்காரம்மா ஒரு நிமிஷம்கூட உட்காரவில்லை. போனை எடுத்து யாரிடமோ பேசினார். எங்கள் இருவர் கையிலும் ஆளுக்கு ஒரு குடையைக் கொடுத்து, ஊர்ப் பொதுக்கூடத்துக்குக் கூட்டிப் போனார். நாங்கள் போவதற்குள் அங்கே ஏழெட்டுப் பேர் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். எல்லாருமே வயசானவர்கள். ஊர்த் தலைவர் போல ஒருவர், மேலாடையில் பளிச்சென்று ஆரஞ்சுப் பட்டை. அவர் அமைதியாகக் கேள்வி கேட்டார், மகள் பதில் சொன்னாள். என்ன உயரம், என்ன உடுப்பு. "மங்கி குல்லா" என்பதை அவள் எப்படிச் சொன்னாளோ தெரியாது. தலையையும் காதையும் கையால் சுற்றிக் காட்டினாள்.

பிறகு அவர் மூலையில் இருந்த ஒரு மேஜையில் உட்கார்ந்து, மைக்கை அழுத்தி நிதானமாகப் பேசினார். வெளியே மூட்டத்துக்குள் எங்கெங்கோ அதே குரல் எழுந்தது. ஒரு கம்பத்தில் முடிந்து இன்னொரு கம்பத்தில் தொடங்குவது போல மலை முழுக்க அது சுற்றியது.

"இவ்வோ சொல்லுதது அப்பாவுக்கு எப்படிப் புரியும்?" என்று கேட்டேன்.

மகள் அதை அப்படியே அவரிடம் சொன்னாள் போல. அவர் எழுந்து நாற்காலியை அவளுக்குக் கொடுத்தார். அவள் மைக்கைப் பிடித்து, "அப்பா" என்றாள். மறுபடியும் "அப்பா" என்றாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. சின்ன வயதில் பாபநாசத்தில் படித்துறையில் வழுக்கியபோது அழுத அதே முகம். மைக்கை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

வருஷக்கணக்காக வகுப்பில் சத்தம் போட்டவள் நான். ஆனால் அந்த மைக்குக்கு முன்னால் எனக்கு நாக்கு எழவில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது? கல்யாணமான நாள் முதல் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வீட்டில் "இங்கரிங்க" என்றால் திரும்புவார். அதையேதான் சொன்னேன்.

"இங்கரிங்க. நாந்தான் பேசுதேன்."

என் குரல் எதிர் மலையில் பட்டுக் கொஞ்சம் தாமதமாகத் திரும்பி வந்தது. ஒரு நொடி நிறுத்தினேன். பிறகு பயம் போய்விட்டது. அடுப்படியிலிருந்து வாசலுக்குப் பேசுவது போலப் பேசினேன்.

"நீங்க எங்க நிக்கியன்னு எங்களுக்குத் தெரியல. மூட்டமா இருக்கு. அங்கயும் இங்கயும் அலையாதிய, வழுக்கும். இந்தச் சத்தம் கம்பத்துல இருந்துதான் வருது. எந்தக் கம்பம் பக்கத்துல கேக்குதோ, அங்கன பைய வாங்க. அவசரப்பட வேண்டாம், பைய வாங்க. வந்து கம்பத்துக்கு அடியில நில்லுங்க. ஆளு வருவாவ. சட்டைப் பையில மிட்டாய் கெடந்தா வாயில போடுங்க. மாத்திரை போட்டிருக்கிய."

முடித்துவிட்டுத் திரும்பினேன். அந்தப் பெரியவர்கள் எல்லாரும் தலையைத் தாழ்த்திக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஒருவருக்கும் ஒரு சொல் புரிந்திருக்காது. ஊர்த் தலைவர் "இன்னொரு தடவை" என்று கையைக் காட்டினார். மறுபடி சொன்னேன். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி. இதற்கிடையில் பூட்ஸ் போட்டவர்கள் இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து மூட்டத்துக்குள் போய்விட்டார்கள். வீட்டுக்காரம்மா என் முதுகில் கையை வைத்தபடி என் பின்னாலேயே நின்றார். அந்தக் கையை எடுக்கவே இல்லை.

எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது. ஒரு கட்டத்தில் சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் இல்லாமல், "கோதுமைக் கொழம்பு ஆறிப்போச்சு, சுட வச்சுத் தருவாவ, வாங்க" என்றுகூடச் சொன்னேன்.

அப்போதுதான் ஊர்த் தலைவரின் போன் அடித்தது. கேட்டுக்கொண்டே அவர் எங்களைப் பார்த்தார். முகத்தில் முதலில் ஒரு குழப்பம், பிறகு சிரிப்பு. மகளிடம் ஏதோ சொன்னார். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, கெடச்சிட்டாங்க. நல்லா இருக்காங்களாம்."

வீட்டுக்காரம்மா ஏதோ ஒரு சத்தம் எழுப்பினார். மூச்சும் அல்லாத, அழுகையும் அல்லாத ஒரு சத்தம். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

காட்டுக்குள் மரக்கட்டைகளில் காளான் வளர்க்கிற ஒருவர்தான் அவரைப் பார்த்திருக்கிறார். தன் தோட்டத்துக்கு மேலே இருக்கிற கம்பத்தின் அடியில், குல்லா போட்ட ஒரு மனிதர் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்துச் சத்தமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாராம். நான் ஒவ்வொரு தடவை பேசி முடித்ததும் இவர், "இங்கனதான் நிக்கேன். கேக்குதா? இங்கனதான்" என்று கத்தியிருக்கிறார்.

காளான்காரர் தன் குட்டி லாரியில் முன்னால் உட்கார வைத்து அவரைக் கொண்டுவந்தார். இறங்கினார். கால்சட்டை முழங்கால் வரை சேறு, குல்லாவில் முத்து முத்தாகப் பனி, வாயில் காளான்காரர் கொடுத்த மிட்டாய். அங்கே நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டு என்னிடம், "எதுக்கு இவ்வளவு பேரு?" என்றார்.

குல்லாவைக் கழற்றி என் முந்தானையால் அவர் தலையைத் துவட்டினேன். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பாளையங்கோட்டையில் என்றால் செய்திருக்க மாட்டேன்.

"அப்பா, போன எடுத்துட்டுப் போகக் கூடாதா?" என்று மகள் கோபமாகத் தொடங்கி அழுகையில் முடித்தாள்.

"நீ அழாத. இங்க பாரு, அங்கன வாய்க்கால் ஒரு குகைக்குள்ள இருந்து வருது. மலையையே குடைஞ்சு தண்ணியக் கொண்டு வந்திருக்கான். சரி, அந்தப் பக்கம் தண்ணி எங்க உள்ள போவுதுன்னு பாப்போம்னு மேல ஏறுனேன். ஏறுனா மூட்டம் மூடிட்டு. தண்ணிச் சத்தமும் கேக்கல. எந்தப் பக்கம் எறங்குததுன்னு தெரியல" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "பயந்துட்டேன். உக்காந்துட்டேன். அப்பதான் நீ பேசுன."

ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் கை கூப்பினார். அவர்கள் குனிந்தார்கள். இவரும் குனிந்தார். அவர்கள் மறுபடி குனிந்தார்கள். இது எப்படி முடியும் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நடந்தது. காளான்காரர் ஒரு பை நிறையக் காளானை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் குழம்பு கொதிக்கக் கொதிக்க வந்தது. இவர் அந்தப் பச்சை விழுதைப் போட்டுக் கலக்கி இரண்டு கிண்ணம் குடித்தார். மகள் பையில் வைத்திருந்த கருவியால் சர்க்கரை அளவைப் பார்த்தோம். பயப்பட ஒன்றும் இல்லை. அப்படியே பாயில் சரிந்து குறட்டை விடத் தொடங்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் குறட்டையைக் கேட்டேன். எத்தனையோ ராத்திரி அதற்காக அவரை உலுக்கி எழுப்பியிருக்கிறேன். அன்றைக்கு அது கேட்கக் கேட்கத் திகட்டவில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரம்மா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளியலறைக்குக் கிளம்பினார். நான் எழுந்து, "நானும் வாரேன்" என்றேன். மகள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கூடவே வந்தாள். உள்ளே நாலைந்து கிழவிகள் தண்ணீருக்குள் கழுத்தளவு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. காலையில் என் புருஷனுக்காகத் தெருவுக்கு வந்து நின்றவர்களிடம் இனி மறைக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது. இறங்கினேன். முதலில் சூடு சுருக்கென்றது, பிறகு எலும்பு வரை இறங்கியது. காலையிலிருந்து இறுக்கிப் பிடித்திருந்த தோள் தானாக இறங்கியது. அழுகை வந்தது. முகத்தில் ஆவியும் வியர்வையுமாக இருந்ததால் யாருக்கும் தெரிந்திருக்காது. தெரிந்தாலும் அவர்கள் பாட்டுக்கு இருந்திருப்பார்கள்.

ஒரு கிழவி என் பக்கம் நகர்ந்து வந்து, யோசித்து யோசித்து, "பைய... வாங்கா" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர்களும் சொல்லிப் பார்த்தார்கள். காலை முழுக்க என் வாயிலிருந்து அந்தச் சொல்தான் மலையைச் சுற்றி வந்திருக்கிறது. மெதுவாக வாருங்கள் என்று அதற்கு அர்த்தம் என்று மகள் விளக்கினாள். "ஓ" என்று எல்லாரும் ஒரே குரலில் இழுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் சுள்ளென்று அடித்தது. ஊர்த் தலைவரே வந்து இவரை மேலே கூட்டிப் போனார். நாங்களும் போனோம். மறுபக்கம் தண்ணீர் குகைக்குள் நுழைகிற இடத்தைக் காட்டினார். இவர் நின்ற கம்பத்திலிருந்து அது கூப்பிடு தூரம்கூட இல்லை. அங்கே தண்ணீர் பாறைக்குள் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. இவர் கரையில் குத்த வைத்து உட்கார்ந்து கையை விட்டுப் பார்த்தார். "நம்ம பாபநாசத்துத் தண்ணிய விடக் குளிர்ச்சி" என்றார். அப்புறம் இரண்டு ஆண்களும் ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமல் வெகுநேரம் கையால் பேசிக்கொண்டிருந்தார்கள். மகள் மொழிபெயர்க்கப் போனாள். நான்தான் "விடு" என்றேன்.

ஊருக்குத் திரும்பியது ஐப்பசி அடைமழையில். சென்னையிலிருந்து ரயிலில் வந்தோம். மணியாச்சி தாண்டும்போதே ஜன்னலில் மழை. எங்கள் ஊர் ரயில்வே ஜங்ஷன் வாசலில் தெரிந்த ஆட்டோக்காரர் நின்றார். பெட்டிகளை ஏற்றிக்கொண்டே, "என்ன அண்ணாச்சி, ஜப்பான் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"நல்ல ஜனங்க" என்றார் இவர்.

வீட்டைத் திறந்து, வாசலைக் கூட்டி, ரசம் வைத்தேன். காளானை எப்படிச் சமைப்பது என்று மகளிடம் போனில் கேட்டேன். காய வைத்ததில் கொஞ்சம் கொண்டு வந்திருந்தேன். எதிர்வீட்டு அக்கா வந்து எட்டிப் பார்த்து, "அங்கன என்னத்தத் தின்னிய?" என்றாள். உட்காரச் சொல்லி ஒரு தட்டில் சோறும் காளான் பிரட்டலும் வைத்தேன். வாசத்தைப் பார்த்துவிட்டு, "இது கறியா?" என்று சந்தேகமாகக் கேட்டாள். இல்லை என்று நான் சத்தியம் செய்த பிறகுதான் தொட்டாள். பிறகு இன்னும் கொஞ்சம் கேட்டாள்.